முதுகு வலி: காரணம் தெரியாமல் ஊசிக்குப் போகலாமா? அக்குபஞ்சர் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

நீலக்குடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாகக் கீழ் முதுகு வலி. வயது 38. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆரம்பத்தில் காலையில் மட்டும் ஒரு பிடிப்பு இருக்கும், நடமாட ஆரம்பித்ததும் விட்டுவிடும். இப்போது அப்படி இல்லை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தால் சுளீரென்று ஒரு வெட்டு. ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் நிமிர்கிறேன். சாக்ஸ் போடக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. போன மாதத்திலிருந்து வலது புட்டத்தில் தொடங்கி, தொடையின் பக்கவாட்டில் இறங்கி, கால் பெருவிரல் வரை ஒரு இழுப்பு. பெருவிரல் சில நேரம் மரத்துப்போகிறது.

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம் (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறதாம்), டிஸ்க் தேய்மானம், நரம்பு வேரில் லேசான அழுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து தும்மக்கூடப் பயமாக இருக்கிறது. டாக்டர் மாத்திரையும் பிசியோவும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது. பிசியோவுக்கு நான்கு நாள் போய்விட்டு நிறுத்திவிட்டேன். வலிக்கிற இடத்தைப் போய் அசைத்தால் இன்னும் கெட்டுவிடுமோ என்று தோன்றியது.

கூட வேலை பார்க்கும் ஒருவர் அக்குபஞ்சருக்குப் போகச் சொல்கிறார். அவருக்கு ஆறே தடவையில் சரியாகிவிட்டதாம். இன்னொருவர் அதெல்லாம் வெறும் நம்பிக்கை என்கிறார். ஊசி போட்டால் பிதுங்கிய டிஸ்க் உள்ளே போகுமா? போட்டுக்கொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை

தம்பி, நான் 22 வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறேன். உங்கள் வலி எனக்கு அத்துப்படி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பு அப்படியே பூட்டிக்கொண்டது. கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றேன். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

அக்குபஞ்சரில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் ஊசியே போடவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார்கள். எப்போது வலிக்கிறது, உட்கார்ந்தாலா நின்றாலா, தூக்கம் எப்படி, முன்பு ஏதாவது வியாதி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எல்லாம். மறுநாள் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்தார்கள். என் கண் முன்னால் உறையைப் பிரித்துத்தான் ஊசியை எடுத்தார்கள். அது மருந்து ஏற்றும் ஊசி மாதிரி இல்லை, உள்ளே துளை கிடையாது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்குப் புதிது. முழங்காலுக்குப் பின்னால், மடிப்பின் நடுவில் ஒரு ஊசி போட்டார்கள். அதை லேசாகத் திருகினதும் காலுக்குள் ஒரு கனம், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. வலி என்று சொல்ல முடியாது. கெண்டைக்கால் வரை இறங்கி நின்றது. 25 நிமிடம் அப்படியே படுத்திருந்தேன், பாதியில் தூங்கியும் விட்டேன்.

எழுந்ததும் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. சொல்லப்போனால் அன்று மாலை வலி கொஞ்சம் கூடத்தான் செய்தது. நான்காவது தடவைக்குப் பிறகுதான் இரவில் புரண்டு படுக்க முடிந்தது. மொத்தம் பத்து தடவை போனேன். எனக்கு நிஜமாகவே உதவியது. ஆனால் வண்டி ஓட்டுவது நிற்கவில்லையே, அதனால் வருடத்தில் ஒரு தடவையாவது தலைகாட்டிவிடும்.

இயக்கம்

நான் பிசியோதெரபிஸ்ட். நீலக்குடை, முதலில் சில கேள்விகள். அக்குபஞ்சரா, பிசியோவா, அறுவையா என்ற பேச்செல்லாம் இதற்கு நீங்கள் பதில் சொன்ன பிறகுதான்.

சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா? அடக்க முடியாமல் போவது, முக்கினாலும் வராமல் நிற்பது, இரண்டையும்தான் கேட்கிறேன். மலம் போவது தெரியாமல் போகிறதா? சைக்கிளில் உட்கார்ந்தால் சீட் படுமே, அந்த இடம் மரத்திருக்கிறதா? இரண்டு காலிலும் பலம் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி கொத்தாக இறங்குகின்றன. அந்தக் கொத்து நசுங்கினால் நாள் கணக்கில் காத்திருக்க முடியாது, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போய்விடலாம். அந்த நேரத்தில் ஊசியும் கூடாது, என் பயிற்சியும் கூடாது.

அப்புறம், காய்ச்சலோடு முதுகு வலியா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? முன்பு புற்றுநோய் இருந்ததா? எங்காவது விழுந்தீர்களா? பல மாதம் ஸ்டீராய்டு எடுத்ததுண்டா? எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி உண்டா? கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். பத்தடி குதிகாலில் நடங்கள், பத்தடி நுனிக்காலில் நடங்கள். வலது பாதம் தொங்குகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். 2020-ல் மட்டும் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, இந்த எலும்பில், இந்த டிஸ்கில் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. காரணமே இல்லை என்று அர்த்தமில்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூட்டுகள், இடுப்பெலும்பு சேரும் மூட்டு, இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வலிக்கின்றன. தூக்கமின்மையும் மனக்கவலையும் அந்த வலியின் சத்தத்தைக் கூட்டிவிடுகின்றன. வெகுநேரம் ஒரே நிலையில் உட்காருவது, பழக்கமில்லாத உடம்பில் திடீரென்று கனம் தூக்குவது, நெடுஞ்சாலை அண்ணனுக்குப் போல வண்டியின் அதிர்வு, புகைபிடிப்பது, உடல் எடை எல்லாம் இதில் சேரும்.

மிச்சம் இருக்கும் சிலருக்குத்தான் டிஸ்க் நரம்பை அழுத்துவது, வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் குறுகுவது, எலும்பு வலுவிழந்து முள்ளெலும்பு நொறுங்குவது, அழற்சி வாதம் மாதிரி கையில் பிடிக்கக்கூடிய காரணம் இருக்கும். சிறுநீரகக் கல்லும் கர்ப்பப்பைக் கோளாறும்கூட முதுகில் வந்து வலிக்கும். அவை நீங்கள் எப்படித் திரும்பினாலும் குனிந்தாலும் பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதை வைத்தே பாதி சந்தேகம் வந்துவிடும்.

உங்களுடையது நீங்கள் சொல்கிற பாதையைப் பார்த்தால் டிஸ்க் வகைதான் என்று தோன்றுகிறது. எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் ஐந்தாம் இடுப்பு நரம்பு பாதிக்கப்படும். அதன் எல்லை பாதத்தின் மேல்பக்கமும் பெருவிரலும்தான். அதற்குக் கீழே உள்ள டிஸ்காக இருந்தால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்திருக்கும்.

ஆனால் அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஒன்றாகத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு உண்டு. தலை நரைப்பது மாதிரி, உள்ளேயும் வயது ஏறுகிறது. ஸ்கேனில் தெரிவதும் உங்கள் வலியும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. உங்களுக்குக் காட்டுகிறது, சரி. ஆனால் டிஸ்க் பிதுங்கினால் பிதுங்கியபடியே இருந்துவிடும் என்பதில்லை. பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடம்பே மாதக்கணக்கில் கரைத்துவிடுவது சகஜம். பெரிதாக வெளிவந்தது சுருங்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். அதுவரை நரம்பின் எரிச்சலை அடக்கிக்கொண்டு உடம்பை இயக்கத்திலேயே வைத்திருப்பதுதான் நம் வேலை. நான்கு நாளில் பிசியோவை நிறுத்தியதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களைப் பற்றிய குறை இல்லை அது. அந்தப் பயத்தை முதல் நாளே யாரோ உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

குனிவதைப் பற்றி ஒன்று. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்குகள் தண்ணீரை உறிஞ்சிப் புடைத்துக்கொள்ளும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் முதுகை வளைத்துக் குனிந்தால் டிஸ்க் மேல் சுமை கூடும். எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரம் குனிவதைத் தள்ளிப்போடுங்கள். வாய் கொப்பளிக்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து சாயுங்கள்.

நீலக்குடை

இயக்கம் சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிறுநீர், மலம், அந்த மரப்பு எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. குதிகாலில் நடந்தேன், என் மனைவி பின்னால் நின்று பார்த்தாள். பாதம் தொங்கவில்லை. பெருவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லி அவள் விரலால் அழுத்திப் பார்த்ததில் வலது பக்கம் கொஞ்சம் பலம் கம்மி என்கிறாள்.

இயக்கம்

அந்தப் பெருவிரல் விஷயத்தை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பலம் இன்னும் குறைந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அதே நிலையில் இருந்தால் பயமில்லை.

காலைப்பனி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு முதுகு வலி வந்தது 24 வயதில். அழற்சி வாதம் என்று தெரிந்தது 31 வயதில். நடுவில் ஏழு வருடம்.

என் வலி உங்களுடையதற்கு நேர் எதிர். ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியே எழுப்பிவிடும். எழுந்து வீட்டுக்குள்ளேயே நடப்பேன். காலையில் முதுகு பலகை மாதிரி இறுகி, விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் இடது புட்டம், இன்னொரு நாள் வலது. எல்லோரும் தசைப்பிடிப்பு என்றார்கள், நானும் நம்பினேன்.

ஒருவரிடம் அக்குபஞ்சர் எடுத்தேன். ஊசி போட்ட அன்று நன்றாகத் தூங்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். வலி கூடினால் கழிவு வெளியேறுகிறது என்றார், குறைந்தால் குணமாகிறது என்றார். எது நடந்தாலும் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அப்படியே ஒன்றரை வருடம் போனது. பிறகு ஒரு நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் டாக்டரிடம் போனேன். இந்த வாதம் இருப்பவர்களுக்குக் கண்ணிலும் அழற்சி வருமாம், அதனால் அவர்தான் என் முதுகைப் பற்றிக் கேட்டார். இந்த வாதத்தோடு தொடர்புள்ள மரபணுக் குறியைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும், இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டின் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அந்த மூட்டில் அதற்குள் சேதம் ஆகியிருந்தது. இன்று மருந்தில் நன்றாக இருக்கிறேன், நீந்துகிறேன், வேலைக்குப் போகிறேன். போன மூட்டு போனதுதான்.

45 வயதுக்கு முன்னால் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம் இருந்து, நடந்தால் குறைகிறது என்றால் தயவுசெய்து வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். ஊசிக்கு அப்புறம் போகலாம்.

ஊசிமுனை

நான் அக்குபஞ்சர் சிகிச்சையாளர். காலைப்பனி அம்மா, உங்களுக்கு நடந்ததைப் படித்து மனம் கனத்துவிட்டது. எங்கள் தொழிலைச் செய்கிற ஒருவர் உங்களுக்குச் செய்தது அது. மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. அப்படிச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

நீலக்குடை, உங்கள் நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: ஊசியால் டிஸ்க் உள்ளே போகாது. ஊசி அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. வலியையும், வலிக்குப் பயந்து இறுகிப்போன தசையையும்தான் ஊசி தணிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நடக்கலாம், பயிற்சி செய்யலாம், தூங்கலாம்.

நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். உடம்பில் சக்தி ஓடுவதாக எங்கள் முறை சொல்லும் 14 பாதைகளில் 361 புள்ளிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அவற்றின் இடங்களை வரையறுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. முதுகு வலிக்கு முக்கியமானது சிறுநீர்ப்பைப் பாதை. தலையிலிருந்து முதுகின் இரு பக்கமும் இறங்கி, தொடையின் பின்பக்கம் வழியாகச் சுண்டுவிரல் வரை போகும். 67 புள்ளிகள். நெடுஞ்சாலை அண்ணன் சொன்ன முழங்கால் மடிப்புப் புள்ளி அதில் 40-ஆவது, வெய்சோங் என்பார்கள். இடுப்பு, முதுகு நோவுக்கு வெய்சோங்கைத் தேடு என்று சீனத்தில் பழைய மனப்பாட வரி ஒன்று உண்டு. அதோடு இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி இருக்கிற 23-ஆவது புள்ளியும் சேரும். உங்களுக்கு இழுப்பு தொடையின் பக்கவாட்டில் இறங்குகிறது. அதனால் பித்தப்பைப் பாதையில் புட்டத்தில் உள்ள 30-ஆவதையும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள 34-ஆவதையும் சேர்ப்பேன். புள்ளியின் பெயர் உறுப்பின் பெயராக இருப்பதால் உங்கள் பித்தப்பையிலோ சிறுநீர்ப்பையிலோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இது பலரும் கேட்கிற கேள்வி.

எத்தனை தடவை என்றால், வாரம் ஒன்று அல்லது இரண்டு. ஆறு தடவைக்குள் உங்கள் அன்றாடத்தில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, இரவில் எத்தனை தடவை விழிக்கிறீர்கள், சாக்ஸை எப்படிப் போடுகிறீர்கள் என்று அளக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒன்றுமே மாறவில்லை என்றால் நான் நிறுத்திவிடுவேன். இன்னும் இருபது தடவை வாருங்கள் என்று இழுப்பது சரியில்லை.

ஊசி புதிதாக, உறையிட்டதாக, ஒருவருக்கு ஒரே தடவை பயன்படுவதாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெறும் வயிற்றில் போகாதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. பெரும்பாலும் ரத்தக்கசிவு, கன்றிப்போதல், குத்திய இடத்தில் வலி. இரண்டு பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் அதனால்தான் மேல் முதுகில் ஊசி போடத் தெரிந்த கை வேண்டும்.

அளவுகோல்

ஊசிமுனை நேர்மையாக எழுதியதால் நானும் முழுதாகவே எழுதுகிறேன். என் அம்மாவின் முதுகு வலிக்காக இந்த ஆய்வுகளை வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அக்குபஞ்சர் நல்லதா என்பது ஒரு கேள்வி. பொய் ஊசியைவிட உண்மை ஊசி நல்லதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் சண்டையே வருகிறது.

2007-ல் ஜெர்மனியில் 1162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர். இரண்டாவது பிரிவுக்குப் புள்ளிகளே இல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்து, பிசியோ, பயிற்சி. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இரண்டுமே மூன்றாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன.

அமெரிக்காவில் 2009-ல் 638 பேரிடம் செய்ததில் ஒரு பிரிவுக்கு ஊசியே இல்லை. பல் குத்தும் குச்சியை, ஊசியைச் செலுத்த உதவும் சின்னக் குழாயில் வைத்துத் தோலைத் தொட்டார்கள், உள்ளே போகவில்லை. எட்டு வாரத்தில் அந்தப் பிரிவும் ஊசிப் பிரிவுகளைப் போலவே முன்னேறியது. ஊசி, குச்சி எல்லாம் சேர்த்து 60 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 39 சதவீதம். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் முடிவு அதே பக்கம்தான்: சிகிச்சை இல்லாததைவிட மேல், பொய் ஊசியைவிடக் குறிப்பிடும்படி மேல் இல்லை.

அதனால்தான் வழிகாட்டுதல்கள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் மருந்துக்கு முன் முயலக்கூடியவற்றில் அக்குபஞ்சரைச் சேர்த்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் கீழ் முதுகு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட வலிக்கு ஊசி முறைகளைப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையோடு சொன்னது. அதே அறிக்கை இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. பெல்ட் கட்டிக்கொண்டு திரிபவர்கள் இதைக் கவனியுங்கள்.

என் கருத்து: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், மறுபடியும் போவேன். ஆனால் இந்தப் புள்ளியில் ஒரு நூலிழை தவறினாலும் பலன் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஊசிமுனை

அளவுகோல், குச்சி ஆய்வு வெளிவந்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அதை மறுக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. ஊசி உடம்பில் எதையும் செய்வதில்லை என்றும் அர்த்தமாகாது. 1970-களிலேயே, உடம்பின் சொந்த வலிநிவாரணிகளான எண்டார்பின்களைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் அக்குபஞ்சரின் வலி தணிப்பு குறைவதைப் பார்த்தார்கள். 2010-ல் எலிகளின் காலில் ஊசியைத் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடுவதைக் கண்டார்கள். அதோடு, ஒருவர் உங்களை முழுதாக விசாரித்து, கை வைத்து, அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க வைப்பதும் சேர்கிறது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வருகிறவரின் வலி குறைந்தால் எனக்குச் சரி.

பவழமல்லி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 71 வயது. பத்து நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கைவண்டியைத் தள்ளிக்கொண்டு குனிந்தபடி நடந்தால் மட்டும் எவ்வளவு தூரமும் நடப்பார். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பேஸ்மேக்கரும் உண்டு. பக்கத்தில் ஒருவர் ஊசியே போடாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் குணப்படுத்துவதாகச் சொல்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

இயக்கம்

நீங்கள் எழுதியதே பாதி நோயறிதல், பவழமல்லி. தண்டுவடக் குழாய் குறுகியிருந்தால் இப்படித்தான் இருக்கும். முன்னால் சாய்ந்தால் குழாய் கொஞ்சம் விரிகிறது, நரம்புக்கு மூச்சு கிடைக்கிறது. ஆனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கால் வலிக்கும். இதய நோய் உள்ளவர் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. ரத்தக்குழாய்க் கோளாறென்றால் நின்றாலே வலி நின்றுவிடும், குனியத் தேவையில்லை. டாக்டரிடம் அப்பாவின் பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுகல்தான் என்று உறுதியானால், நிலையான சைக்கிளில் முன்னால் சாய்ந்து மிதிப்பது இவர்களுக்கு நன்றாக ஒத்துவரும்.

ஊசிமுனை

மாத்திரையை ஊசிக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது, அது உயிர் விஷயம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மெல்லிய ஊசியை ஆழமில்லாமல் போடலாம், எடுத்த பிறகு சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. பேஸ்மேக்கர் இருப்பதால் ஊசியில் மின்சாரம் இணைக்கும் முறை வேண்டவே வேண்டாம். விரல் தொடுகையைப் பற்றி: நாம் மேலே பேசிய ஆய்வுகள் ஊசியை வைத்துச் செய்தவை. அவற்றின் எண்களைக் காட்டித் தொடுகைக்கு ஆதரவு தேட முடியாது. தொடுவதால் கெடுதல் வராது. அதை நம்பி இதயச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால்தான் கெடுதல்.

நெடுஞ்சாலை

வெகுநேரம் ஒரே நிலையில் உட்காருவதைப் பற்றி இங்கே படித்தபோது ஒன்று உறைத்தது. என் பர்ஸ் எப்போதும் வலது பின்பாக்கெட்டில். அதன் மேல் உட்கார்ந்துதான் 22 வருடம் ஓட்டியிருக்கிறேன். எடுத்து முன்னால் வைத்துப் பத்து நாள் ஆகிறது. புட்டத்தில் ஒரு மதமதப்பு இருக்கும், அது பாதியாகிவிட்டது. இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இடுப்பு பூட்டிக்கொண்ட அன்று ஒரு வாரம் அசையாமல் படுத்திருந்தேன். அது சரியா?

இயக்கம்

இல்லை அண்ணா. 1986-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள். இப்போது அந்த இரண்டு நாளும் கட்டாயமில்லை என்கிறோம். தாங்குகிற அளவுக்கு நடங்கள். புதிதாக வந்த வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும்.

நீலக்குடை

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். பாதியில் விட்டுவிட்டுப் போகும் இழைகளைப் பார்த்தால் எனக்கே வருத்தமாக இருக்கும், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் பெருவிரல் பலம் பற்றிச் சொன்னேன். பரிசோதித்துவிட்டு லேசான குறைதான், கூடினால் உடனே வாருங்கள் என்றார். பிசியோவை மறுபடி தொடங்கினேன். அதோடு அக்குபஞ்சர் எட்டு தடவை. முதல் மூன்று தடவையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை புட்டத்தில் போட்ட ஊசியில் கால் பெருவிரல் வரை ஒரு மின்னல் ஓடியது. உடனே சொன்னேன், அவர் ஊசியைச் சற்று மேலே இழுத்துவிட்டார். ஐந்தாவதுக்குப் பிறகு இரவில் விழிப்பது நின்றது. வலி குறைந்த அந்த மூன்று நான்கு நாள்களில்தான் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் செய்தேன்.

இன்றைய நிலை: பெருவிரல் மரப்பு போய்விட்டது, பலமும் திரும்பிவிட்டது என்று என் மனைவி அழுத்திப் பார்த்துச் சொல்கிறாள். முன்பு 20 நிமிடம் உட்கார்ந்தால் எழுந்துவிட வேண்டும், இப்போது 50 நிமிடம் ஓடுகிறது. சாக்ஸை உட்கார்ந்தே போடுகிறேன். காலையில் குனிந்தால் இன்னும் ஒரு பிடிப்பு இருக்கிறது. அதனால் காலை முன்னால் வைத்துச் சாய்வதை விடவில்லை.

ஊசிமுனை சார், இனியும் வாரா வாரம் போக வேண்டுமா?

ஊசிமுனை

வேண்டாம். மூன்று வாரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். வலி இப்போது இருக்கும் அளவிலேயே நின்றால் ஊசியை நிறுத்திவிடலாம், பயிற்சியைத் தொடருங்கள். கூடினால் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.